எண் இறங்கினால் மருந்து தோற்றதா?

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் மேசையில் படுத்ததும் கால்களுக்கு அடியில் ஒரு நுரைப்பெட்டியை வைப்பார்கள். முழங்கால் மடங்கும்போது, கீழ்முதுகு மேசையோடு படிந்துகொள்ளும். அடுத்தது இடுப்பு. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, ஒரு கட்டையோடு சேர்த்துப் பட்டையால் கட்டுவார்கள். மேலே இயந்திரத்தின் கை மெதுவாக நகரும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால், போன முறையைவிட இந்த முறை பாதம் கொஞ்சம் குறைவாகத் திரும்பியிருந்தாலே போதும், எலும்பு அப்படியே இருக்க, அறிக்கையில் எண் மாறிவிடும்.

எலும்பு மெலிவுக்கு மருந்து எடுக்கும் பெண்கள் பலருக்கு மனக்கலக்கம் தருவது இந்த எண்தான். ஓராண்டு தவறாமல் மாத்திரை விழுங்கியவர், அடர்த்தி இரண்டு சதவீதம் குறைந்திருப்பதைப் பார்த்ததும் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடுகிறார். பெரும்பாலும் அது தவறான முடிவு.

உடலில் பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடக் கரையலாம். இந்த உறவை 1940களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியவர் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். இளம்வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது.

நோயைக் கண்டறிய ஒரு ஸ்கேன் போதும். சிகிச்சையைக் கண்காணிக்க இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட வேண்டும். சிக்கலும் அங்கேதான் வருகிறது.

ஸ்டீவன் கம்மிங்ஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. எலும்பு மெலிவுக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில், முதல் ஆண்டில் இடுப்பெலும்பு அடர்த்தி 4 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களைத் தனியே பார்த்தார்கள். மருந்தை மாற்றாமல் தொடர்ந்த அவர்களில் 83 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் அடர்த்தி கூடியது; சராசரி ஏற்றம் 4.7 சதவீதம். முதல் ஆண்டில் 8 சதவீதமோ அதற்கு மேலோ கூடியவர்களுக்கு, அடுத்த ஆண்டில் சராசரியாக 1 சதவீதம் குறைந்தது. முதல் ஆண்டின் பெரிய சரிவிலும் பெரிய ஏற்றத்திலும் அளவீட்டுத் தடுமாற்றம் நிறையக் கலந்திருந்தது. அடுத்த அளவீட்டில் எண்கள் சராசரியை நோக்கித் திரும்பின.

அதனால்தான் ஒவ்வொரு ஸ்கேன் மையமும் தன் கருவியின் தடுமாற்றத்தைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். 30 பேரை இருமுறை, அல்லது 15 பேரை மும்முறை அளந்து பார்த்து அதைக் கண்டறிவார்கள். முதுகெலும்பில் சுமார் 5.3 சதவீதம் வரையிலான வித்தியாசத்தை அளவீட்டுப் பிசகாகவே கொள்ளும் மையங்களும் ஏற்கத்தக்கவையே. அப்படிப்பட்ட இடத்தில் 0.800 என்ற அளவு 0.776 ஆனால், அது 3 சதவீதச் சரிவு. அதை வைத்து எலும்பு கரைந்தது என்று சொல்ல முடியாது.

எண் கூடுவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. நசுங்கிய முள்ளெலும்பில் அதே கால்சியம் சிறிய பரப்புக்குள் அடங்குவதால் அடர்த்தி கூடியதுபோல் தெரியும். வயதானவர்களின் முதுகில் வளரும் எலும்பு முட்களும் கணக்கைக் கூட்டிக் காட்டும். இடுப்பின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

மருந்தின் பலன் அடர்த்தியில் மட்டும் தெரிவதில்லை. 1996இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த 2027 பெண்கள் பங்கேற்றனர். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு ஏற்பட்டது. அலெண்ட்ரோனேட் எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். இரு குழுக்களுக்கும் முதுகெலும்பு அடர்த்தியில் இருந்த வித்தியாசமோ சுமார் 6 சதவீதமே. எலும்புக்குள் இருக்கும் மெல்லிய குறுக்குச் சட்டங்களை அரிப்பு துண்டிக்காமல் மருந்து தடுக்கிறது. அந்த வலுவை ஸ்கேன் முழுதாகக் காட்டுவதில்லை.

சரிவு உண்மையாகவே பெரிதாக இருந்தால் காரணம் தேட வேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருந்தாரா? காலைக் காபியோடு எடுத்தால் மருந்து உடலில் போதிய அளவு சேராது. வைட்டமின் டி குறைவா, தைராய்டு கோளாறா, ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று மருத்துவர் கேட்பார். அரிப்பின் வேகத்தைக் காட்டும் 'சிடிஎக்ஸ்' ரத்தப் பரிசோதனையில், மருந்து ஏறியிருக்கிறதா என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் கூடுதல் கவனம் தேவை. அதைத் தள்ளிப்போட்டால் சேர்ந்த அடர்த்தி வேகமாகக் கரையும். ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறிவதும் உண்டு. நிறுத்துவதானால் அடுத்த மருந்தை முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும்.

மறு ஸ்கேனை அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுப்பது நல்லது. வெவ்வேறு இயந்திரங்களின் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. போகும்போது பழைய அறிக்கையையும் எடுத்துச் செல்ல வேண்டும். அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம். கரையாத மாத்திரை முதுகெலும்புக்கு முன்னால் நின்றால், இயந்திரம் அதையும் எலும்பாகவே எண்ணிவிடும்.