சத்து மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு வருவது

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், பழவேற்காடு ஏரிப்பக்கத்துக் காட்டூரில் வீட்டுக்கு ஒருவராவது தும்மிக்கொண்டிருப்பார். மார்பளவுத் தண்ணீரில் வலை இழுப்பவர்களும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் சளி என்று ஒரு நாள் படுத்தால் அன்றைய வரும்படி போச்சு. அதனால் கஷாயத்துக்குப் பொறுமையில்லை. ‘ஒரு செட்டு மாத்திரை குடுங்க’ என்று மருந்துக்கடையில் கை நீட்டிவிடுகிறார்கள்.

சின்னக் காகித உறை. உள்ளே வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ஒரு கேப்சூல், ஆரஞ்சு நிறத்தில் வைட்டமின் சி. கொரோனாவுக்குப் பிறகு ஜிங்க்கும் சேர்ந்துகொண்டது. ‘சத்து மாத்திரைதானே!’ என்ற நம்பிக்கையில் மொத்த செட்டும் வயிற்றுக்குள் போகிறது.

அந்த ஆரஞ்சு மாத்திரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர், இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங். 1970இல் அவர் எழுதிய புத்தகம் விற்பனையை எங்கோ கொண்டுபோனது. பிறகு நடந்த சோதனைகளைத் திரட்டி 2013இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு சொன்னது வேறு. தினமும் விழுங்கினாலும் சளி பிடிக்கத்தான் செய்கிறது. பெரியவர்களுக்கு அது நீடிக்கும் காலம் 8 சதவீதம் குறைகிறது. ஏழு நாள் சளியில் அரை நாள்! சளி பிடித்த பிறகு விழுங்கியவர்களுக்கு உறுதியான பலனே இல்லை. நம் ஆட்கள் விழுங்குவது அப்போதுதான்.

மாரத்தான் ஓடுபவர்களுக்கும் கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவத்தினருக்கும் சளி பாதியாகக் குறைந்ததே, மீனவர்களும் அப்படி உடலை வருத்துபவர்கள்தானே என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால், அந்த ஓட்டக்காரர்களும் ராணுவத்தினரும் சளிக்கு முன்பிருந்தே அன்றாடம் சாப்பிட்டவர்கள். ஜிங்க் விஷயமும் இழுபறிதான். சளியை இரண்டு நாள் குறைக்கலாம் என்கிறது 2024ஆம் ஆண்டு ஆய்வு. சான்று வலுவில்லை, குமட்டல் மட்டும் உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இத்தனைக்கும் ஜிங்க் நிறைந்த நண்டு ஏரியிலேயே இருக்கிறது. நல்ல சேற்று நண்டு உயிரோடு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வண்டியேறிவிடுகிறது. பிடித்தவர் வீட்டுக்கு ஜிங்க் மாத்திரை வருகிறது. ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி-க்கு ஒரு கொய்யாப்பழம் தாராளம்.

காசு வீணானால் போகட்டும். பயமெல்லாம் உறையில் இருக்கும் மற்ற மாத்திரைகளைப் பற்றித்தான். அந்த மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் மூக்கொழுகலை நிறுத்துவது, தூக்கத்தையும் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி படகேறுகிறவரிடம் யாரும் எச்சரிப்பதில்லை. கேப்சூல் ஆன்டிபயாடிக்காக இருந்தால் இன்னும் மோசம். சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. இப்படி இரண்டு வேளை, மூன்று வேளை என்று அரைகுறையாக விழுங்கினால், நாளைக்கு நிஜமான நிமோனியா வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம். ஆன்டிபயாடிக்கை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சிலவற்றுக்குத் தனிப் பதிவேடே வைக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலிருந்து இருக்கிறது.

அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதால் பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கும்போது, ‘என்ன மாத்திரை போட்டீங்க?’ என்று டாக்டர் கேட்டால், ‘வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு’ என்றுதான் சொல்ல முடியும்.

ஆகவே, உறையின் மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டும் மருந்தும் இலவசம்.