கொழுந்து கிள்ளினால் செடி என்ன செய்யும்?

பள்ளிப் பிள்ளைகளைச் சோலைக்காடுகளுக்கு அழைத்துச் செல்லும் இயற்கைக் கல்விப் பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பி.எட். முடித்து அரசுப் பள்ளிக்கு வந்தவள் நான். அதே வழியில் வர விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது தகுதி பற்றித்தான். அதற்குப் பதில் சுருக்கமானது. பட்டதாரி ஆசிரியராக விலங்கியல் அல்லது தாவரவியல் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியராக முதுகலைப் பட்டமும் பி.எட்.டும். காட்டில் நடந்த அனுபவம் இவற்றுக்கு ஈடாகாது. சிரமம் வேலையில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் ஒரு குழுவோடு இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். சிவந்த தளிர்கள், மரப்பட்டையில் லைக்கன், எங்கோ சிலப்பனின் சிரிப்பு. பிள்ளைகள் வியந்தபடி வீடு திரும்புவார்கள். அவர்கள் மனத்தில் என்ன தங்கியது என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. பள்ளியில் அதே பிள்ளை நாளையும் வரும், காலாண்டுத் தேர்வும் எழுதும்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, வெளியே காட்டுவதையும் உள்ளே நடத்துவதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்தது. சனிக்கிழமை நடை, திங்கட்கிழமை புத்தகம். பத்தாம் வகுப்பில் தாவர ஹார்மோன்களை நடத்தும்போது வெண்ட் ஓட்ஸ் நாற்றில் செய்த சோதனையைக் கரும்பலகையில் அழகாக வரைந்தேன். தேர்வில் நுனி ஆதிக்கம் பற்றிய கேள்வியைப் பாதிப் பேர் தொடவே இல்லை. அதில் ஒருத்தியின் அம்மா தினமும் கொழுந்து பறிப்பவர். அந்த வெற்றுத்தாளைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த பாடவேளையில் பள்ளி வேலியோரத் தேயிலைக்கு அழைத்துப் போனேன். “பறிக்காமல் விட்டால் என்ன ஆகும்?” என்றேன். “மரமாயிடும் டீச்சர்” என்று பல குரல்கள். விடை அவர்களிடமே இருந்தது. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிள்ளும்போது செடியின் நுனி போய்விடுகிறது. நுனியில் உண்டாகிக் கீழிறங்கும் ஆக்சின் குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த இலைக்கோண மொட்டுகள், சைட்டோகைனினும் துணைசெய்ய, கிளைக்கத் தொடங்குகின்றன. இடுப்பளவு உயரத்தில் பச்சைப் பாய் விரித்ததுபோல் தோட்டம் நிற்பது இதனால்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வதிலும் இதே கணக்குதான்.

பிறகு கிளைகளில் நூல் கட்டினோம். சிலவற்றின் நுனியைக் கிள்ளினோம், சிலவற்றை விட்டுவைத்தோம். வாரம் ஒருநாள் புதிய மொட்டுகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வெளியே பார்த்தது பத்து நிமிடம், எழுதியது முப்பது நிமிடம். காட்டில் நான் ஒருநாளும் இப்படிக் கணக்கு வைத்ததில்லை.

இதற்குச் சோலை வரை போகவேண்டியதில்லை. வனத்துறை அனுமதி, மழை, தேயிலைக்குள் மேயும் காட்டெருமை எல்லாவற்றையும் யோசித்தால் ஆண்டுக்கு ஒருமுறை போவதே பெரிது. ஆனால் வேலியைத் தாண்டும் முன் நாமே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் வாரம் அந்த மாணவி ஒரு கிளையைக் கொண்டுவந்து காட்டினாள். நுனியைக் கிள்ளவில்லை, ஆனாலும் அது வளராமல் நின்றுவிட்டது. “அம்மா சொன்னாங்க, இது கொஞ்ச நாள் தூங்கும், அப்புறம் எழும்பும்னு. ஏன் டீச்சர்?” பாடநூலில் அது இல்லை. நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று மாலை பழைய தாவரவியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.