வாய் காப்போம், வாழ்வு காப்போம்

உடல் என்னும் வீட்டிற்கு வாய்தான் தலைவாசல். உண்பதும் பருகுவதும் அதன் வழியே. பேசுவதும் பாடுவதும் சிரிப்பதும் அதன் துணையால். நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று பல்லின் வெண்மையைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் கன்னத்தின் உட்புறத்தையோ நாக்கின் அடிப்புறத்தையோ நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாம் பார்க்காத அந்த இடத்தில்தான் ஒரு கொடிய நோய் ஓசையின்றிக் குடியேறுகிறது. அதுவே வாய்ப் புற்றுநோய்.

2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,90,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீடு. அவர்களுள் சுமார் 1,43,000 பேர் இந்தியர். அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டினர்! அதே ஆண்டில் நம் நாட்டில் இந்நோயால் மாண்டோர் சுமார் 80,000 பேர். நாள் ஒன்றுக்கு 200-க்கு மேற்பட்ட வீடுகளில் அழுகுரல் எழுகிறது.

இத்துயரினூடே ஓர் ஆறுதலும் உண்டு. வயிற்றிலும் நுரையீரலிலும் தோன்றும் புற்று மறைந்து வளரும். வாயில் தோன்றுவதோ கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படும். அதைக் காண ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். காரணங்களும் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவையே. ஆகவே தடுக்கக்கூடிய நோய்களுள் இது முதல் வரிசையில் நிற்கிறது. இதனைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமை அல்லவா?

நோயின் இயல்பு

நம் வாயின் உட்புறம் மெல்லிய சவ்வினால் ஆனது. அதிலுள்ள பழைய உயிரணுக்கள் உதிர, புதியன தோன்றி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. இவ்வேலை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டு நடைபெறுகிறது. நச்சுப் பொருள் ஒன்று ஆண்டுக்கணக்காக அதே இடத்தில் பட்டுக்கொண்டே இருந்தால், உயிரணுவின் உள்ளேயிருந்து அதனை ஆளும் மரபணுக்கள் பழுதடைகின்றன. ஒழுங்கு குலைகிறது. உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. முதலில் சவ்வளவில் நிற்கும் அவை பின்னர் ஆழத்தில் ஊடுருவித் தசையையும் தாடை எலும்பையும் அரிக்கின்றன. நிணநீர் வழியே கழுத்துக்குச் சென்று கட்டிகளாகத் திரள்கின்றன.

இது ஒட்டுநோய் அன்று. நோயாளியின் தட்டில் உண்பதாலோ அவரைத் தொடுவதாலோ பரவாது. முன்வினைப் பயனும் அன்று, சாபமும் அன்று.

புகையிலையும் பாக்கும்

முதற் குற்றவாளி புகையிலை. பீடி, சிகரெட், சுருட்டு எனப் புகைத்தாலும் கேடுதான். வெற்றிலையோடு மென்றாலும், கன்னத்தில் அடக்கி வைத்தாலும் கேடுதான். அதில் நைட்ரோசமீன் என்னும் நச்சுப் பொருள்கள் உள்ளன. ஆந்திரக் கடலோரத்துச் சிற்றூர்களில் பெண்கள் சிலர் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பது நெடுநாளைய வழக்கம். அதனால் பிற இடங்களில் அரிதான மேலண்ணப் புற்று அங்கு மிகுதி. நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றை ஒட்டியும் புற்று அதிகம் தோன்றுவதற்கும் காரணம் இதுவே: புகையிலைச் சக்கையை நாம் அடக்கி வைக்கும் இடம் அது. சிலர் இரவில் அதை வாயில் வைத்துக்கொண்டே உறங்கிவிடுகின்றனர். நஞ்சு இரவு முழுவதும் ஊறுகிறது.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தானே!" என்று கூறுவோர் உண்டு. இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். வெற்றிலைமேல் பெரும் பழி இல்லை. பழி பாக்கின் மேல். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிலையம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-இல் அறிவித்தது. பின்னர் 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் விளைவிக்கும் என்று தெளிவுபடுத்தியது. சுண்ணாம்பு சவ்வைப் புண்ணாக்கி நஞ்சு உள்ளே செல்ல வழி திறந்துவிடுகிறது.

மாணவியராகிய நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலங்களை மிட்டாய் போல் வாங்கி மெல்லும் பிள்ளைகள் பலர். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் சவ்வின் அடியில் நார்த்திசுவை வளரச் செய்கிறது. நாளடைவில் கன்னம் பலகை போல் விறைக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. வாய் திறப்பு சுருங்கிச் சுருங்கி, ஒரு கவளம் சோறு நுழைவதும் அரிதாகிறது. இந்நிலையை நம் நாட்டு மருத்துவர் ஜோஷி 1953-இலேயே விவரித்து எழுதினார். பாக்கை விட்டுவிட்டால் நோய் முற்றுவது தடைப்படலாம். ஆயின் இறுகிய சவ்வு முன்போல் நெகிழ்வது அரிது. இவர்களுள் ஒரு சிலருக்குப் பின்னாளில் புற்று தோன்றுகிறது.

மதுவும் இந்நோய்க்கு ஒரு காரணம். புகையிலையும் மதுவும் ஒன்று சேர்ந்தால் தீமை கூடுவதில்லை, பெருகுகிறது. கூரான பல்லோ, பொருந்தாத பல்செட்டோ ஓயாமல் உராய்ந்து புண்ணாக்கினால் பல் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது நலம். காய்கறிகளும் பழங்களும் நம் தட்டில் நிறைய இடம்பெற வேண்டும்.

எச்சரிக்கை மணிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

1. ஆறாத புண். வலி இல்லை என்று அலட்சியம் செய்யலாகாது. தொடக்கத்தில் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.
2. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம்.
3. வெல்வெட்டுத் துணி போன்ற செந்நிறத் திட்டு. இது வெள்ளைப் படலத்தைவிட ஆபத்தானது.
4. கன்னத்திலோ நாக்கிலோ தடிப்பு, கட்டி, காரணமற்ற இரத்தக் கசிவு.
5. வாய் திறக்கவும் நாக்கை நீட்டவும் விழுங்கவும் இயலாமை.
6. நோயற்ற ஈற்றில் பல் தானாக ஆடுதல். உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன உணர்வு.
7. கழுத்தில் நெடுநாள் கரையாத கட்டி.

இவை கண்டவுடன் புற்று என்று நடுங்க வேண்டா. சாதாரணச் சிறு புண்கள் ஒரு வாரம் பத்து நாளில் தாமே ஆறிவிடும். ஆறாதது எதுவோ அதுவே ஆராயத்தக்கது.

ஐந்து நிமிடச் சோதனை

மாதம் ஒருமுறை கைகளைக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நிற்க வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். முதலில் உதடுகளை மேலும் கீழும் புரட்டிப் பார்க்கலாம். அடுத்து இரு கன்னங்களையும் விரலால் இழுத்து உட்புறம் முழுவதும் நோக்கலாம். பின்னர் ஈறுகள்; அதன்பின் தலையைச் சாய்த்து மேலண்ணம். நாக்கை நீட்டி, இரு பக்க விளிம்புகளையும் தவறாமல் கவனிக்க வேண்டும். நாக்கை மேலே தூக்கி அடிப்புறத்தையும் காண வேண்டும். இறுதியில் தாடையின் கீழும் கழுத்தின் இருபுறமும் விரல்களால் தடவி, கட்டி உண்டா எனப் பார்க்கலாம். நடு மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்பது வாய் திறப்பை அறியும் எளிய அளவுகோல்.

கேரளம் காட்டிய வழி

வெறுமனே வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்று ஐயுறுவோர்க்கு அண்டை மாநிலம் விடை தந்துள்ளது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,90,000 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழு ஊராட்சிகளில், பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மூன்றாண்டுக்கு ஒருமுறை வாயைச் சோதித்தனர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். 2005-இல் முடிவு வெளிவந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே, சோதனை நடந்த ஊராட்சிகளில் வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது! விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. டார்ச் வெளிச்சமும் பயின்ற கண்ணும் செய்த அருஞ்செயல் இது. இதன் பின்னர் நம் நாட்டரசும் 30 வயதைக் கடந்தோர்க்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ச் சோதனை செய்ய 2016-இல் நெறிமுறை வகுத்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அச்சம் வேண்டா

ஐயமுள்ள இடத்தை மரக்கச் செய்து, சிறு துணுக்கு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர். "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்பது வெறும் கட்டுக்கதை. அக்கதையை நம்பிக் காலம் கடத்தியோர் பலர். முதற்கட்டத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை ஒன்றே போதும். நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் ஐந்தாண்டும் அதற்கு மேலும் வாழ்கின்றனர். முற்றிய நிலையிலோ தாடையையும் நாக்கையும் அகற்ற நேரிடலாம். கதிர்வீச்சும் மருந்தும் சேர வேண்டும். பிழைப்போர் பாதிக்கும் குறைவு.

புற்றுநோய்க்கு எதிரான போரில் தமிழகப் பெண்கள் ஆற்றிய பங்கை இங்கே நினைவுகூர வேண்டும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரை உறுதியாக மாற்றினார். அவர் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அடுத்த ஆண்டே அதில் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை அதற்கே தம் வாழ்வை ஈந்தார். ஏழைகளுக்கும் உயர்ந்த சிகிச்சை கிட்ட வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை.

நம் பங்கு

18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதும், கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்திற்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் கடைவாசல் வரை வரும். வீட்டுக்குள் வரவேண்டியது அன்பு.

நம் வீட்டுப் பாட்டிக்கு வெற்றிலைப் பெட்டியும் பாக்கு உரலும் வாழ்நாள் தோழமை. நாற்று நடும் தாய்மார்க்கும் பீடி சுற்றும் தாய்மார்க்கும் பசியையும் அலுப்பையும் மறக்க ஒரு துண்டுப் புகையிலை துணை. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. பெட்டியை ஒளித்து வைத்தால் கோபமே மிஞ்சும். "பாட்டி, வெளிச்சத்திற்கு வந்து உட்காருங்கள், வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்" என்று நாம் கேட்டால் எந்தப் பாட்டி மறுப்பார்? பேத்தி கேட்டதற்காகவே முதலில் புகையிலையையும், பிறகு பாக்கையும் விட்டுவிட்ட பாட்டிகள் இருப்பார்கள். மெல்ல வேண்டும் என்ற ஆசைக்குச் சோம்பும் ஏலக்காயும் கைகொடுக்கும். விட்ட முதல் சில வாரங்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். அப்போது நம் பொறுமையே அவர்களுக்கு மருந்து. புகையிலையைக் கைவிட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி வழியே அரசு ஆலோசனை வழங்குகிறது.

பெண்கள் தமக்கு வந்த நோயைச் சொல்லாமல் மறைப்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. செலவாகுமே, வீட்டு வேலை கெடுமே என்று எண்ணி மாதங்களைக் கடத்துகின்றனர். ஆறாத புண்ணைத் தாய் மறைத்தாலும் மகளின் கண் காண வேண்டும். காரம் குறைத்து உண்பதையும், ஒரு பக்கமாகவே மெல்லுவதையும் முதலில் கவனிக்கக்கூடியவர்கள் அவருடன் அமர்ந்து உண்ணும் நாமே.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். இந்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது பரிசுகளோடும் மதிப்பெண் பட்டியலோடும் இச்செய்தியையும் எடுத்துச் செல்வோம். பாக்குப் பொட்டலத்தை நாம் தொடாதிருப்போம்; பெரியோரின் வாயை அன்போடு சோதிப்போம்; இரண்டு வாரம் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுவோம். வாய் காப்போம், வாழ்வு காப்போம்!