கரிக் குழியிலிருந்து பிரதமர் பதவி வரை: ஃபிஷர் குடும்பம்

ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் உள்ள கிராஸ்ஹவுஸ், நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளி ராபர்ட் ஃபிஷரின் மகனாக 1862-இல் பிறந்த ஆண்ட்ரூ, பத்து வயதையொட்டியே குழிக்குள் இறங்கிவிட்டார். பகலெல்லாம் கரித்தூள், வேலை முடிந்ததும் இரவுப் பள்ளி. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் தந்தையும் ஒருவர். சங்கத்தின் படிப்பகத்தில் மகன் தேடித் தேடிப் படித்தார்.

17 வயதில் ஆண்ட்ரூ சுரங்கத் தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளர். 1881 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை போயிற்று. 1885-இல் சகோதரர் ஜேம்ஸுடன் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு வந்தார். முதலில் பர்ரம் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள். பிறகு ஜிம்பியின் தங்கச் சுரங்கங்கள்.

1893-இல் ஜிம்பி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1901-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த ஆண்டின் கடைசி நாளில், தாம் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் மார்கரெட்டை மணந்தார். ஐந்து மகன்கள், ஒரு மகள்.

1908 முதல் 1915 வரையிலான காலத்தில் மூன்று முறை பிரதமரானார். 1912-இல் அவரது அரசு ஒவ்வொரு பிரசவத்துக்கும் தாய்க்கு 5 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. பழங்குடிப் பெண்களுக்கும் ஆசியப் பெண்களுக்கும் அது மறுக்கப்பட்டது.