ஓ.டி. கணக்கை இறக்குவது எப்படி?

பாடப்புத்தகத்தில் மேல்வரைப்பற்று; நம் கோட்டாறு கடைத்தெருவில் ஓ.டி. அந்த வரம்பைச் சொந்த முதலாகவே எண்ணி வியாபாரம் செய்வோர் நம்மில் பலர். முதல் அன்று, கடன். கடைப் பத்திரம் வங்கியில் இருப்பதை மறக்கலாகாது.

ஓ.டி.க்கு வட்டி அன்றாட நிலுவையின் மேல் ஏறுகிறது. ஆகவே கல்லாவில் தூங்கும் பணத்திற்கும் நாம் வட்டி கட்டுகிறோம். 12 சதவீத வட்டியில் ரூ.50,000 எப்போதும் பெட்டியிலேயே தங்கினால், வருடத்தில் ரூ.6,000 நஷ்டம். அன்றைய வசூலை அன்றே, தவறினால் மறுநாள் காலை முதல் வேலையாகக் கட்டிவிட வேண்டும்.

அடுத்தது முடங்கிய சரக்கு. விலை ஏறும் என்று புளியையும் மிளகையும் கிடங்கில் அடுக்கி வைப்போர் வட்டியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு ஆறு மாதம் கிடந்தால் வட்டியே ரூ.6,000. எடைக்குறைவும் பூச்சியும் வேறு! சற்று இறக்கிக் கொடுத்தேனும் விற்றுக் கட்டுவதே லாபம்.

ஓணத்திற்கும் தீபாவளிக்கும் ஓ.டி. ஏறுவது இயல்பு. பொங்கல் கழிந்தும் இறங்காமல் நிற்பதுதான் ஆபத்து. அப்படி நிற்கும் பகுதியைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்கலாம். மாதாமாதம் அசல் கட்டும் கட்டாயம் அப்போதுதான் வரும். கூடவே ஓ.டி. வரம்பையும் அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் இரண்டு கடன் ஆகிவிடும்.

வரம்பைத் தாண்டிய நிலுவை தொடர்ந்து 90 நாளுக்கு மேல் நின்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன். அந்நிலை வருமுன் வெளிப்பாக்கியை வசூலிப்பதே வழி. பழைய பாக்கி தீரும்வரை, எவ்வளவு வேண்டியவராயினும், புதுச் சரக்கை நாங்கள் ரொக்கத்திற்கே கொடுக்கிறோம். முகம் சுளித்தவர்களும் திரும்பி வருகிறார்கள்.