காயம் இல்லை என்றால் சம்மதமா?

1972-இல் மகாராஷ்டிரத்தின் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் காவலர்கள் வன்கொடுமை செய்ததாக வழக்கு. 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடலில் காயம் இல்லை, ஆகவே அவள் இணங்கியிருக்கிறாள் என்றது தீர்ப்பு. உபேந்திர பக்சி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் திரண்டார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என இன்றைய சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் “காயம் எங்கே?” என்ற கேள்வி ஓயவில்லை.

காயம் இல்லாததற்குக் காரணங்கள் பல. கத்தியைக் காட்டி மிரட்டினால் யார் போராடுவார்கள்? அச்சத்தில் உடல் மரத்துப்போய்க் கை கால் அசையாமல் போவதும் உண்டு. பிறப்புறுப்புத் தசை நெகிழும் தன்மையுடையது. அங்கே ஏற்படும் சிறு கிழிசல் சில நாளில் ஆறிவிடும். மறுபுறம், கன்றிய காயம் ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியலாம். முதல் பரிசோதனையில் காயம் ஒன்றும் தென்படாதவர்களை மீண்டும் அழைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது ஒப்புதல். பிறகு நடந்ததைப் பாதிக்கப்பட்டவரின் சொற்களிலேயே எழுதுகிறார். சிராய்ப்போ கன்றலோ பல் தடமோ, எதுவானாலும் அதன் இடம், அளவு, நிறம் ஆகியவற்றை உடல் வரைபடத்தில் குறிக்கிறார். தடயவியல் ஆய்வகத்துக்குப் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுக்கிறார். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கலாம். குளித்துவிட்டாலும் துணி மாற்றிவிட்டாலும் பரிசோதனைக்குப் போகலாம். தடயம் முழுதும் அழிந்திருக்க வேண்டியதில்லை.

பெண் உடலுறவுக்குப் பழகியவரா என்று விரலை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனைக்கு இங்கே துளியும் இடமில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை அந்தரங்க உரிமை மீறல் என்றது. 2022-இல், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே அறிவித்தது. ஒரு பெண்ணின் பழைய வாழ்க்கையைத் தோண்டும் அந்தச் சோதனையை மருத்துவம் என்று அழைத்ததே அநியாயம்.

“வன்கொடுமை நடக்கவில்லை” என்று மருத்துவர் எழுதக் கூடாது. அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம். காயம் தென்படாவிட்டால், ஏன் தென்படாமல் போயிருக்கலாம் என்பதை அவர் அறிக்கையில் எழுத வேண்டும்.

சிகிச்சை இலவசம், தனியார் மருத்துவமனையும் மறுக்க முடியாது, மறுத்தால் ஓராண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். பதிவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.