மோதிரத்து வைரமும் ஆராய்ச்சிசாலையும்

பெங்களூர் நகரில் வைரத்தை உற்றுநோக்கும் இடங்கள் இரு வகைப்படும். சிக்குப்பேட்டை, அவென்யூ சாலை, கமர்ஷியல் தெரு, ஜெயநகர் ஆகிய பகுதிகளிலுள்ள நகைக்கடைகள் ஒரு வகை. இந்திய விஞ்ஞானக் கழகமும் இராமன் ஆராய்ச்சி நிலையமும் மற்றொரு வகை. முன்னவற்றில் வைரம் அதன் விலைக்காகப் பார்க்கப்படுகிறது. பின்னவற்றில் அதன் இயல்புக்காக ஆராயப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை எனத் தோன்றலாம். ஆயினும், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கக் கடையேறும் ஒருவருக்கு ஆராய்ச்சிசாலையில் கண்ட உண்மைகளே இன்று உற்ற துணையாகும்.

தமிழ்க் குடும்பங்களில் வைரம் என்றாலே தோடு, மூக்குத்தி, பேசரி ஆகியவையே நினைவுக்கு வரும். நிச்சயதார்த்தத்தில் ஒற்றைக்கல் மோதிரம் அணிவிப்பது பிற்காலத்தில் பரவிய வழக்கம். முற்காலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நகை வியாபாரியின் சொல்லே சான்றிதழாக இருந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருணிக்கப்படுமிடத்து, ஏகை என்னும் கீற்று, விந்து என்னும் புள்ளி, களங்கம், காகபாதம் ஆகிய வைரக் குற்றங்கள் கூறப்படுகின்றன. கல்லை ஆய்ந்து வாங்கும் அறிவு நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால், அக்காலத்து வாங்குவோர் எதிர்நோக்காத ஒரு சிக்கல் இன்று எழுந்துள்ளது.

நான்கு கற்கள், ஒரே பளபளப்பு

இன்றைய கடையில் நான்கு வகைக் கற்கள் ஏறத்தாழ ஒரே தோற்றத்துடன் ஒளிவீசக் கூடும். முதலாவது, பூமியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட இயற்கை வைரம். இரண்டாவது, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரம். மூன்றாவது, சிலிக்கன் கார்பைடு என்னும் சேர்மமாகிய மொய்சனைட். நான்காவது, 'அமெரிக்கன் டயமண்ட்' என்று வழங்கும் சர்க்கோனியாக் கல்.

இவற்றுள் பின்னைய இரண்டும் வைரமே அல்ல. முன்னைய இரண்டும் வைரமே. இரண்டும் தூய கரியணுக்கள் ஒரே அமைப்பில் அடுக்கப்பட்டவை. கடினத்திலும் ஒளிவிலகலிலும் வேறுபாடு இல்லை. எனினும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. ஆய்வக வைரத்தின் உற்பத்தி பெருகப் பெருக, அதன் விலை சில ஆண்டுகளுக்குள் வெகுவாக வீழ்ந்துவிட்டது. ஆகவே, ஒன்றின் விலையைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்றுவரும் குடும்பம், பல ஆண்டுகள் சேர்த்த பொருளை ஒரே நாளில் இழந்ததாகிறது. அவ்விழப்பு, கல்லை விற்கவோ அடகு வைக்கவோ நேரும் நாள்வரை தெரியாமலே இருந்துவிடவும் கூடும்.

ஆதலின் வாங்குவோர் மூன்று கேள்விகளைத் தனித்தனியே எழுப்ப வேண்டும். இது வைரந்தானா? எங்கே பிறந்தது? எத்தரத்தது? ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கு விடையாகக் கொள்வதே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

இது வைரந்தானா?

வைரம் வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் மிகுந்தது. தூய வைரம் செம்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வாயால் ஊதிய ஆவி அதன்மேல் நில்லாது விரைந்து மறைவது இதனாலேயே. கடைகளில் காணப்படும் பேனா வடிவச் சோதனைக் கருவியும் இத்தத்துவத்தையே பின்பற்றுகிறது. சூடேறிய அதன் உலோக முனையைக் கல்லில் வைத்தால், வெப்பம் எவ்வளவு விரைவில் இழுக்கப்படுகிறது என்பதைக் கருவி காட்டும். சர்க்கோனியாக் கல் இச்சோதனையில் உடனே அகப்பட்டுவிடும். மேலும், அதே பருமனுள்ள வைரத்தைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல் எடையுள்ளது.

மொய்சனைட் அவ்வளவு எளிதில் அகப்படாது. அதுவும் வெப்பத்தை நன்கு கடத்துவதால் மேற்கூறிய கருவியை ஏமாற்றிவிடும். ஆனால், அது ஒளிக்கதிரை இரண்டாகப் பிளக்கும் இயல்புடையது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சால் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், பின்புறப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் இவ்வாறு தெரியாது.

ஐயத்திற்கு இடமின்றி முடிவு கூறும் சோதனை, இராமன் விளைவை அடிப்படையாகக் கொண்டது. ஒரே நிறமுள்ள ஒளியைக் கல்லின்மீது பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வரும். அம்மாற்றத்தின் அளவு பொருளுக்குப் பொருள் வேறுபடும். வைரத்தில் அது சென்டிமீட்டருக்கு 1332 என்னும் அலையெண்ணில் ஒரே கூரிய கோடாகத் தோன்றும். சர் சி. வி. இராமன் தம் விளைவைக் கண்டறிந்தது 1928-ஆம் ஆண்டில். வைரத்தின் இக்கோடு 1930-இலேயே பதிவு செய்யப்பட்டது. பள்ளிச் சான்றிதழில் எழுதும் அங்க அடையாளம் போன்று, இக்கோடு வைரத்தின் அடையாளமாக உலகெங்குமுள்ள இரத்தினச் சோதனைக்கூடங்களில் பயன்படுகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஆய்வகத்தில் வளர்ந்த வைரமும் இதே கோட்டையே காட்டும். பேனாக் கருவியிலும் வைரமென்றே தேறும். கடைக்காரர் கருவியை வைத்துக் காட்டி, "பாருங்கள், அசல் வைரம்" என்று கூறினால், அவர் கூறுவது பொய்யன்று; ஆனால் அது முதற் கேள்விக்கு மட்டுமே விடையாகும்.

எங்கே பிறந்தது?

இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை, பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பேரழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாகி, எரிமலைக் குழம்புடன் மேலே வந்தவை. அவற்றுள் பல நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட வயதுடையவை. ஆய்வக வைரத்திற்குச் சில வாரங்களே போதும். ஒரு முறையில், சுமார் 1,500 பாகை சென்டிகிரேடு வெப்பமும், காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 50,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் அளித்து, கரியை வைரமாக்குகின்றனர். இம்முறையின் வெற்றியை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1955-இல் அறிவித்தது. மற்றொரு முறையில், மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் பிளாஸ்மா நிலைக்குக் கொணர்ந்து, மெல்லிய வைர வில்லையொன்றின்மீது கரியணுக்கள் படலம் படலமாகப் படியுமாறு செய்கின்றனர். இத்தொழில் சூரத்தில் வேரூன்றியுள்ளது. இதற்கான ஆராய்ச்சியை வளர்க்க, 2023-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையொட்டிச் சென்னை ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு மானியம் வழங்கியது.

பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பவை கல்லினுள் உள்ள நுண்ணிய மாசுகளும் அதன் ஒளிர்வுமே. இத்துறையில் பெங்களூருக்குத் தனிச் சிறப்பு உண்டு. இராமன் ஏறத்தாழ 300 வைரங்களைச் சேகரித்து வைத்திருந்தார். 1940-இல் அவருடைய ஆராய்ச்சிசாலையில் சேர்ந்த அன்னா மாணி என்னும் அம்மையார், முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் ஆராய்ந்தார். ஒரு படத்தட்டில் பதிவு விழப் பதினைந்து, இருபது மணி நேரம்கூடத் தேவைப்படுமாதலால், பல இரவுகளை அவர் ஆராய்ச்சிசாலையிலேயே கழித்தார். பின்னாளில் வானிலைத் துறையில் பெரும்புகழ் பெற்ற இவருக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை வழங்கவில்லை.

வைரங்களிடையே காணப்பட்ட வேறுபாடுகளுக்கு, அணுக்களின் அமைப்பிலேயே வேறுபாடு உண்டென்று இராமன் விளக்கம் கூறினார். பிற்கால விஞ்ஞானம் அதனை ஏற்கவில்லை. பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பதே காரணம் என்பது 1959-இல் வெளியாயிற்று. இயற்கை வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் நெடுங்காலம் வெந்து ஒன்றுகூடிச் சிறு திரள்களாக அமைந்திருக்கும். சில வாரங்களில் வளர்ந்த கல்லில் இவ்வாறு திரள்வதற்குக் காலம் இல்லை. நைட்ரஜன் திரண்ட கல், கண்ணுக்குப் புலனாகாத குறுகிய புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடும். நைட்ரஜன் அற்ற கல் அவற்றை ஊடுருவவிடும். சோதனைக்கூடங்கள் இவ்வழியே கற்களை முதலில் பிரித்து, ஊடுருவவிடுபவற்றை மட்டும் மேற்சோதனைக்கு உட்படுத்துகின்றன. ஏனெனில் நைட்ரஜன் அற்ற இயற்கை வைரங்களும் அரிதாக உண்டு. மேற்சோதனையில் கல்லின் ஒளிர்வைப் படமெடுத்தால், வளர்ந்த விதம் படலங்களாகவோ கட்டங்களாகவோ புலப்பட்டுவிடும்.

நம் பாட்டிமார் போற்றிய 'புளூ ஜாகர்' வைரத்தின் மெல்லிய நீலமும் இத்தகைய ஒளிர்வே. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்பட்டு, நைட்ரஜன் கலந்த கல் நீலமாக ஒளிர்கிறது. அப்பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டதால், இன்று அப்பெயரால் விற்கப்படும் கல் யாவும் அங்கிருந்து வந்தவை என நம்புதல் தகாது.

எத்தரத்தது?

தரம் நான்கு கூறுகளால் அளக்கப்படும்: எடை, நிறம், தூய்மை, வெட்டு. ஒரு கேரட் 200 மில்லிகிராம்; அது நூறு சென்ட் கொண்டது. நிறமற்ற கல்லை 'டி' என்னும் எழுத்தாலும், மஞ்சள் ஏறஏற 'இஸட்' வரையுள்ள எழுத்துகளாலும் குறிப்பர். தூய்மைக்கு விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ முதலிய குறியீடுகள் உண்டு. மோதிரத்தில் பதித்த கல்லின் நிறத்தைச் சரியாகக் கணித்தல் கடினம். தங்கத்தின் மஞ்சள் அதில் எதிரொளிக்கும். எனவே இயலுமாயின், பதிப்பதற்கு முன்பே உதிரியாகக் கல்லைப் பார்த்தல் நன்று.

மினுமினுப்புக்கு முதற்காரணம் வெட்டே. வைரத்தினுள் நுழைந்த ஒளி, அடிப்பட்டையில் 24.4 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் பட்டால் வெளியேற இயலாது முழுமையாகத் திரும்பிவிடும். அடிப்பாகம் அளவோடு அமைந்த கல்லில் ஒளி இவ்வாறு இருமுறை திரும்பி மேல்வழியே கண்ணை எட்டும். தட்டையாகவோ அதிக ஆழமாகவோ வெட்டப்பட்ட கல்லில் ஒளி கீழ்வழியே நழுவிவிடும். கடையின் கூரிய விளக்கொளியில் எல்லாக் கல்லும் மின்னும். ஆதலின் சன்னலருகே நிழலான பகல் வெளிச்சத்திலும் பார்த்தல் வேண்டும்.

முத்திரையும் சான்றிதழும்

ஹால்மார்க் முத்திரை உள்ளதாலேயே வைரமும் உறுதி செய்யப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். இது பிழை. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 18 கேரட்டு மோதிரத்தில் காணும் 750 என்னும் எண்ணும், ஆறு இலக்க அடையாளக் குறியும் தங்கத்தின் மாற்றுக்கு மட்டுமே சான்று. கல்லைப்பற்றி அவை ஒன்றும் கூறா. தங்கத்திற்குரிய கேரட் மாற்றையும், வைரத்திற்குரிய கேரட் எடையையும் குறிப்பது என்பதையும் நினைவிற் கொள்க.

கல்லுக்குத் தனிச் சோதனைக்கூடத்தின் சான்றிதழ் தேவை. அதில் இயற்கை வைரமா, ஆய்வக வைரமா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பல கற்களின் இடைவிளிம்பில் சான்றிதழ் எண் லேசர் ஒளியால் பொறிக்கப்பட்டிருக்கும்; அதனைக் கைலென்சால் கண்டு ஒப்பிடலாம். போலிப் பொறிப்புகளும் உண்டாதலால், எடையும் அளவுகளும் பொருந்துகின்றனவா என்பதையும் காண வேண்டும். ஒற்றைக் கல்லைச் சுற்றிப் பதிக்கும் பொடிக் கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் இராது. அவற்றின் பிறப்பிடத்தையும் விலைச்சீட்டில் எழுதித் தருமாறு கோருதல் வேண்டும்.

விலைச்சீட்டில் தங்கத்தின் நிகர எடையும் கல்லின் எடையும் தனித்தனியே இருத்தல் அவசியம். எடுத்துக்காட்டாக, 3.06 கிராம் மோதிரத்தில் 30 சென்ட் வைரம் இருப்பின், கல்லின் எடை 0.06 கிராம், தங்கத்திற்கு விலை கொடுக்க வேண்டியது 3 கிராமுக்கே. திரும்பக் கொடுத்தால் என்ன கணக்கில் ஏற்பர் என்பதையும் அதிலேயே எழுதிப் பெறுதல் நலம்.

ஆய்வக வைரம் போலியன்று. அதனை அறிந்து, அதற்குரிய விலையில் வாங்குவதில் இழிவும் இல்லை. 2015-இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரவிதி, அடைமொழியின்றி 'வைரம்' எனக் கூறினால் இயற்கை வைரத்தையே குறிக்கும் என வரையறுத்துள்ளது. குற்றம் கல்லில் இல்லை. அடைமொழியை மறைப்பதில் உள்ளது. நேர்மையான வியாபாரி இம்மூன்று கேள்விகளைக் கேட்டு வருந்த மாட்டார். அவருடைய கடைக்கும் அவையே பாதுகாப்பாகும். அன்னா மாணி இரவெல்லாம் விழித்திருந்து கல்லிடம் பெற்ற விடைகளின் வழிவந்த சோதனைகள், இன்று ஒரு தாளில் அடங்கி நம் கைக்கு வருகின்றன. மோதிரத்தை விரலில் அணிவிக்கும் முன்பு அத்தாளை ஒருமுறை நிதானமாகப் படித்தல் நம் கடமை.